கேரேனாப்புக்: யோபின் மூன்றாம் மகள்

எமீமாள், கெத்சீயாள் என்ற பெயர்களை நம்மூர்ச் சபைகளில் கேட்டிருப்போம். வேதாகமத்தின் யோபு 42:14-இல் அவர்களோடு வரும் தங்கை கேரேனாப்புக்கின் பெயரை வைப்பவர்கள் அபூர்வம்.

எபிரேயத்தில் அது 'கெரென் ஹப்பூக்'. கெரென் என்றால் கொம்பு. 'ஹ' ஆங்கில 'the' போன்ற சுட்டிடைச்சொல், அடுத்து வரும் மெய்யை இரட்டிக்கச் செய்யும், அதனால்தான் 'ப்ப'. பூக் என்பது கண்மை. ஆக, மை வைக்கும் கொம்புச் சிமிழ். யேசபேல் அரசி கண்ணுக்குத் தீட்டியதும் (2 இராஜாக்கள் 9:30) இதே பூக்தான். அதை அஞ்சனக்கல், அதாவது ஆண்டிமனித் தாது, என்பார்கள். ஆனால் பண்டைய எகிப்திய மைகளைச் சோதித்தபோது பெரும்பாலும் ஈயத்தாதுவே கிடைத்தது.

கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இது 'அமல்தேயாவின் கொம்பு', அதாவது கிரேக்கப் புராணத்தில் வரும் வளத்தின் கொம்பு, என்று மாறிவிட்டது. பெயர் அகராதிகள் சிலவற்றில் 'செழிப்பு' என்ற பொருளைப் பார்த்தால், மூலம் எபிரேயம் அல்ல, இதுதான்.

குழந்தைக்கு வைப்பதானால் 'கெரென்' மட்டும் போதும் என்பேன். இஸ்ரேலில் அது இன்றும் வழக்கில் உள்ள பெண் பெயர். 'ஒளிக்கதிர்' என்ற பொருளும் உண்டு. முழுப்பெயரே வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழிலேயே ஆங்கிலத்தில் இடைக்கோடில்லாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். இல்லாவிட்டால் ஓர் ஆவணத்தில் ஒரு சொல், இன்னொன்றில் இரண்டு என்று பிரிந்து நிற்கும்.

யோபின் ஏழு மகன்களுக்கு அங்கே பெயரே இல்லை. மகள்களுக்குப் பெயரும் உண்டு, சகோதரர்களோடு சொத்தில் பங்கும் உண்டு (42:15).