பிசியோதெரபிஸ்ட்டின் குதிகால்

ஜனவரி 6, 2025, திங்கள்

கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் இடது குதிகாலுக்கு மேலே சுருக்கென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்த பிறகே கால் இளகியது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாணை இரு விரல்களால் நசுக்கிப் பார்த்தேன். எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே, கயிற்றில் விழுந்த முடிச்சு போல ஓரிடம் தடித்திருந்தது.

இப்படி யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "போன மாதம் புதிதாக என்ன செய்தீர்கள்?" இன்று என்னையே கேட்டுக்கொண்டேன். டிசம்பர் முழுவதும் ஒரு நாள்கூட ஓடவில்லை. புத்தாண்டு பிறந்ததும் ஐந்து நாளில் நான்கு ஓட்டம், ஒவ்வொன்றும் எட்டு கிலோமீட்டர். என்னிடம் வருபவர் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். தசையும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

ஜனவரி 9, வியாழன்

முழு ஓய்வு எடுத்தால் வலி குறையும், தசைநாணின் பலமும் கூடவே குறையும். ஆகவே படிக்கட்டுப் பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும் சேர்த்து 180. இப்படியே 12 வாரம்.

ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது. அவருக்கே குதிகால் வலி இருந்ததாம். அறுவைச் சிகிச்சைக்கு மேலதிகாரி மறுக்கவே, தசைநாண் அறுந்தால் அறுவை செய்தே ஆக வேண்டுமே என்று, வலிக்க வலிக்க இந்தப் பயிற்சியைச் செய்து அதை வேண்டுமென்றே கெடுத்துக்கொள்ளப் பார்த்தாராம், வலி போய்விட்டதாம். எங்கள் துறையில் தலைமுறையாகச் சொல்லும் கதை.

காலையில் 90 முடித்தேன். மாலையில் சோம்பல் வென்றது.

ஜனவரி 21, செவ்வாய்

வாலிபால் ஆடும் பெண், வயது பதினாறு. அதே கணுக்காலில் மூன்றாவது சுளுக்கு. "எலும்பு முறியவில்லையே டாக்டர், வீக்கமும் வடிந்துவிட்டது, பயிற்சி எதற்கு?" என்றார் அவளுடைய அம்மா. பதில் சொல்லவில்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நல்ல காலில் இருபது நொடி தாண்டியும் நின்றாள். சுளுக்கிய காலில் பாதம் இடமும் வலமுமாகத் துடித்து, நான்காவது நொடியில் என் தோளைப் பற்றிக்கொண்டாள். அம்மா அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சுளுக்கில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் மட்டும் கிழிவதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மந்தமாகிவிடுகிறது. ஐஸ் வைத்துக் கட்டுப்போட்டால் அது திரும்பாது. (ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்துதல் என்ற சூத்திரத்தை 1978-இல் தந்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு எழுதிவிட்டார்.) பல் துலக்கும்போதெல்லாம் அந்தக் காலில் மட்டும் நிற்கச் சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, பத்து முறை. ஓடும்போது வலி பத்துக்கு மூன்று. கவலையில்லை. மறுநாள் காலை முதல் அடியில் கூடியிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

பிப்ரவரி 22, சனி

அறுபத்தெட்டு வயதுக்காரர். "மூட்டு தேய்ந்துவிட்டதம்மா, நடந்தால் மிச்சமும் தேயும்" என்று ஆறு மாதமாக நாற்காலியே கதி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தேன். எட்டு. அவர் வயது ஆண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே தடுக்கி விழும் ஆபத்தை யோசிப்போம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல மூட்டு அசைந்தால்தான் அதற்கு ஊட்டம் போகும் என்றேன். "அப்படியென்றால் உட்கார வைத்தே கெடுத்துவிட்டேனா?" என்று கேட்டார். அந்த நாற்காலியிலேயே பயிற்சியைத் தொடங்கினோம்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றோடு 12 வாரம். முடிச்சு இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது, அழுத்தினால் வலிக்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். வாலிபால் பெண் நேற்று கண்ணை மூடி இருபத்தைந்து நொடி நின்றாள்.

நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 31 மாலைகளை விட்டிருக்கிறேன். "தினமும் செய்தீர்களா?" என்று நான் அதட்டுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.