ஆறாம் நாள் திரும்பி வந்த நோயாளி

டாக்டரின் குறிப்பைப் படித்து, காப்பீட்டுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடுவதுதான் மெடிக்கல் கோடிங். அந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கைக்கு வந்த நோயாளி சார்ட் இது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் இருக்கும் நோயாளி. முதுகில் இருந்த கட்டியை டாக்டர் கிளினிக்கிலேயே மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துத் தையலும் போட்டிருந்தார். ஒன்றரை செ.மீ., அந்தச் சிகிச்சைக்கான கோடு 11402. ஆறாம் நாள் நோயாளி திரும்பி வந்திருக்கிறார். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "தையலைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம். இரண்டு தையலைப் பிரித்ததும் சீழ் வந்தது. கழுவி ஆன்டிபயாடிக் கொடுத்தேன்."

படித்ததுமே அறுவைக்குப் பிந்தைய தொற்றுக்கான நோய்க் கோடு T81.41-ஐப் போட்டுவிட்டேன். என் கோடுகளை ஆடிட் பார்த்த அக்கா திருப்பி அனுப்பினார். "தொற்றுன்னு டாக்டர் எங்கேம்மா எழுதியிருக்கார்?"

எழுதவில்லைதான். சீழைப் பார்த்து முடிவுகட்டியது நான். அறுவைக்குப் பிறகு வருவதெல்லாம் சிக்கல் ஆகிவிடாது. அறுவையால் வந்தது என்று டாக்டரின் குறிப்பு காட்ட வேண்டும். 2018 அக்டோபரிலிருந்து தொற்றின் ஆழத்தைப் பொறுத்தும் கோடு மாறுகிறது. அதனால் டாக்டருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பினேன். 'தொற்றா?' என்று கேட்டால் பதிலை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். "சீழுக்கு உங்கள் நோயறிதல் என்ன, எவ்வளவு ஆழம், அறுவையோடு தொடர்பு உண்டா?" என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது: அறுவையால் வந்த தொற்று, ஆழமில்லை, மேலோட்டமானது. முதலில் போட்ட T81.41-ஏ நின்றது, இந்தத் தடவை ஆதாரத்தோடு.

அப்புறம் அந்த நோய்க் கோடின் கடைசி எழுத்து. சிகிச்சை நடக்கும்போது 'A', ஆறும் கட்டத்தில் 'D'. இரண்டாவது வருகை என்பதால் 'D' என்று நினைத்தேன். தப்பு. தொற்றுக்கு இப்போதுதான் சிகிச்சை நடக்கிறது, ஆகவே 'A'.

கிளினிக்கில் இருந்தவர்கள் தனிக் கட்டணம் கிடைக்க, இந்த வருகைக்கு மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் விளக்க எண்) 24, சீழ் எடுத்ததற்கான கோடு 10180-உடன் மாடிஃபையர் 78 கேட்டார்கள். அறுவைக்குத் தொடர்பில்லாத வருகைக்குத்தான் 24. அறுவைக் கட்டணத்திலேயே பின்கவனிப்பும் அடங்கிவிடும் காலம்தான் குளோபல் பீரியட். இந்த அறுவைக்கு அது 10 நாள், அறுவை நாளையும் சேர்த்தால் 11. ஆறாம் நாள் அதற்குள் அடங்கிவிடுகிறது. 78-க்கு ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். கிளினிக்கின் சிறு சிகிச்சை அறையை மெடிகேர் அப்படி ஏற்பதில்லை. கடைசியில் பின்கவனிப்பு வருகைக்கான, கட்டணமில்லாத கோடு 99024 மட்டும் பதிவானது. சிகிச்சைக் கோடுகளின் தொகுப்பான சிபிடியின் விதியைப் பின்பற்றும் தனியார் காப்பீடாக இருந்தால் சிக்கலுக்கான சிகிச்சையைத் தனியாகக் கேட்டிருக்கலாம். டாக்டரின் உழைப்பை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பதினான்காம் நாள் அவர் மறுபடி வந்தார். மருந்து முடிந்து காயம் ஆறிக்கொண்டிருந்தது. குளோபல் பீரியட் தாண்டிவிட்டதால் வருகைக் கட்டணம் வழக்கம்போலப் போனது. கடைசி எழுத்து இந்தத் தடவை 'D'.