எல்டிஎல்லுக்குள் இருக்கும் ஆள்

பெருந்துறைப் பக்கம் சொந்தக்காரர் யாரைப் பார்த்தாலும், "ஏனுங்க, எல்டிஎல் எத்தனை இருக்கோணும்?" என்றுதான் கேட்கிறார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் துகள்தான் எல்டிஎல். எனக்கோ அந்தத் துகளைச் சுற்றிக்கொண்டிருக்கும் அபோ பி-100 புரதத்தின் மேல்தான் கண். 4,536 அமினோ அமிலங்கள். துகளுக்கு ஒன்றே ஒன்று. நம் குடல் செய்வது அதன் முன்பாதியை மட்டும், பெயர் அபோ பி-48.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கைகொடுத்தது மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆன்டிபாடி என்றால் குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம்). 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் கொண்டுவந்த முறை (1984-இல் நோபலும் வாங்கினார்கள், சும்மாவா!). ஒரே செல்லின் வாரிசுகள் சுரப்பது, புரதத்தில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். வால்பக்கம் பிடிக்கிற ஆன்டிபாடிக்கு பி-48 கண்ணிலேயே படாது. அப்புறம், சில ஆன்டிபாடிகள் ஒட்டிக்கொண்டால் எல்டிஎல் தன் ஏற்பியில் (செல்லின் மேல் இருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதம்) சேர முடியாது. ஏற்பி பிடிக்கும் இடம் எந்தப் பக்கம் என்று துப்புக் கிடைத்தது அப்படித்தான்.