நாடிக் குறிப்பு

ஏப்ரல் 20, ஞாயிறு

71.

ஏப்ரல் 21, திங்கள்

70. எழுந்ததும் படுத்தபடியே ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். கையில் கட்டியிருக்கும் வாட்ச் 66 என்றது. விரல் வைத்து எண்ணியதைத்தான் எழுதுகிறேன். பிப்ரவரியில் 54.

சைக்கிள் பால்கனியில் பழைய சேலை போர்த்தி நிற்கிறது. பின் டயரில் காற்று இல்லை. தொடவில்லை.

ஏப்ரல் 23, புதன்

69. காய்ச்சல் விட்டு இன்றோடு பதினெட்டு நாள். மாடி ஏறினால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. இரண்டு மாடி, 128. டாக்டர் இசிஜியைப் பார்த்துவிட்டு, எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) எடுத்துவிடலாம் என்றார். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் வருமாம். அப்படி இருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம் மூச்சு வாங்குகிற எதையும் செய்யக் கூடாது. தேதி 30 கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் "சும்மா ஒரு செக்கப்" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்காரருக்குத் தெரியும். அத்தைக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

69. தூக்கம் வரவில்லை. இரவு பன்னிரண்டுக்குப் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

220-இல் வயதைக் கழித்தால் என் உச்சத் துடிப்பு 178 வர வேண்டும். 2001-இல் தனாகா குழுவினர் சொன்ன கணக்கில், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 179. போன வருடம் ஏலகிரி பதிமூன்றாவது வளைவில் நான் கண்ணால் பார்த்தது 187. அந்தக் கணக்குகள் ஊர் முழுவதற்குமான சராசரி. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு இடையில் இருபது துடிப்பு வித்தியாசம்கூட இருக்கும். இதனால்தான் உச்சத்தை விட்டுவிட்டு த்ரெஷோல்டை, அதாவது நீண்ட நேரம் தாங்கக்கூடிய கடைசி வேகத்தின் துடிப்பை, பிடித்துக்கொண்டேன். அக்டோபரில் அரை மணி நேரம் தனியாக உயிரைக் கொடுத்து மிதித்து, கடைசி இருபது நிமிடத்தின் சராசரியை எடுத்தேன். 168. பயிற்சிக்கான துடிப்பு எல்லைகள், அந்த ஜோன்கள் எல்லாமும் அதிலிருந்து கணக்குப் போட்டவைதான். ஐந்து மாதம் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

இப்போது அந்த 168 யாருடையது என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு அப்போது 44.

ஏப்ரல் 28, திங்கள்

72. நேற்று தூங்கவே இல்லை, அதனால் இருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

68.

காலை ஏழுக்கே போய்விட்டோம். ஆஸ்பத்திரி எதிர்த் தெருவில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்திலும் பலகைகள். லாட்ஜ், மெடிக்கல், சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும். எங்கிருந்தோ ரயிலேறி வந்து வாரக்கணக்கில் இங்கே காத்திருப்பவர்கள். நான் ஆறு கிலோமீட்டரிலிருந்து வந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது அதை நினைத்துக்கொண்டேன்.

இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள். ஜெல் சில்லென்று இருந்தது. அந்தப் பெண் கருவியை விலா எலும்புக்கு நடுவில் அழுத்தித் திருப்பினாள், திரையில் வந்தது. கறுப்பில் சாம்பல் நிறம். வால்வு காற்றில் ஆடும் மெல்லிய துணி மாதிரி திறந்து மூடியது, திறந்து மூடியது. எத்தனை வருடமாக மார்பில் பட்டை கட்டி இதன் எண்ணைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது. "வலிக்குதா அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

62 சதவீதம். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் அவ்வளவு வெளியே போகிறது. 55-க்கு மேல் இருந்தால் போதும். வீக்கம் இல்லை, நீர் இல்லை.

அவர் வெளியே வந்ததும் ஒன்றும் பேசாமல் இரண்டு இளநீர் வாங்கினார்.

மே 2, வெள்ளி

66. ஓட்டலாம். இரண்டு வாரம் மெதுவாக மட்டும். காலை நாடி வழக்கத்தைவிட ஏழெட்டு கூடினால் அன்றைக்கு ஓய்வு. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன், அவர் பார்க்கட்டும் என்று.

மே 4, ஞாயிறு

65. கத்திரி தொடங்குகிற நாளில் நானும் தொடங்கினேன்.

4.45-க்குக் கிளம்பி காட்பாடியிலிருந்து திருவலம் சாலையில் நாற்பது நிமிடம். ஸ்ட்ராப்பில், அதான் மார்புப் பட்டையில், தண்ணீர் தடவ மறந்துவிட்டேன். முதல் கிலோமீட்டரில் 211 என்று காட்டியது. காலை தரையில் ஊன்றி நின்றுவிட்டேன். இருட்டில், லாரி வெளிச்சத்தில், கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 110. காய்ந்த பட்டை தோலோடு சரியாகத் தொடர்பு கொள்ளாமல் இருந்திருக்கிறது. பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்துக் கட்டிய பிறகு எண் தெளிந்தது. அது தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தப் பத்து வினாடி.

பிறகு 130-ஐத் தாண்டவில்லை. அடுத்த வண்டிகள் எல்லாம் முந்திப் போயின, பால்காரர் உட்பட. போகட்டும்.

மே 8, வியாழன்

63. பாப்பாவுக்கு பிளஸ் டூ ரிசல்ட். உயிரியலில் 97! அத்தை தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இன்று சைக்கிள் இல்லை, வேண்டியும் இல்லை.

மே 11, ஞாயிறு

62. இரண்டு மணி நேரம். இதை முழுதாக எழுத வேண்டும்.

முதல் மணி நேரம் சராசரி 21 கிலோமீட்டர் வேகம், 138 துடிப்பு. இரண்டாவது மணி நேரமும் அதே 21, ஆனால் 149. காற்று இல்லை, மேடு இல்லை, கால் வலி இல்லை. அதே வேலைக்குப் பதினோரு துடிப்பு கூடுதல், எட்டு சதவீதம். ஐந்து சதவீதத்துக்குள் நின்றால் உடம்பின் அடித்தளம் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

சக்தி குறைந்ததா, வெயிலா? ஆறரைக்கே பாலாற்று மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் போகிறது, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. ஒரு துடிப்பில் அனுப்புவது குறைந்தால் துடிப்பின் எண்ணிக்கை கூடித்தான் ஆக வேண்டும். இது நோய் இல்லை, இது வேலூர் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம்மூரைச் சொல்வார்கள். அந்தப் பாறை பகல் சூட்டை இரவு முழுக்க விட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆனாலும் நாள் முழுக்க அந்த 149 மனதில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "நீ எண்ணைப் பார்க்காமல் ஒருநாள் போய்ப் பாரேன்" என்றார். முடியாது. இப்போதைக்கு முடியாது.

மே 12, திங்கள்

67. ஐந்து கூடியிருக்கிறது. ஓய்வு.

மே 13, செவ்வாய்

63.

மே 15, வியாழன்

குடியாத்தம், மாமா வீட்டில். சிரசுத் திருவிழா. கெங்கையம்மன் சிரசு வரும்போது தெருவே அலையாக அசைந்தது. தேங்காய் உடைகிற சத்தம் ஓயவில்லை. மேளம் பக்கத்தில் வந்தபோது வாட்சைப் பார்த்தேன், 118. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

மாமா சொன்னார்: "உங்கப்பாவும் நானும் இந்தத் திருவிழாவுக்கு ராணிப்பேட்டையிலிருந்து சைக்கிள்ல டபுள்ஸ் வருவோம், தெரியுமா?" தெரியாது. யாரும் சொன்னதில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், இரும்புச் சைக்கிளில், ஒருவர் உட்கார்ந்து ஒருவர் மிதித்து. மேட்டில் யார் மிதிப்பார்கள் என்று கேட்டேன். "அவன்தான். இறங்கவே மாட்டான்" என்றார்.

மே 18, ஞாயிறு

61. பாப்பா நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "லாக்டேட் கழிவுதானேம்மா? அது சேர்ந்தாதான் தசை எரியும்னு படிச்சிருக்கேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ரத்தத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில் லாக்டேட் இருக்கிறது. மெதுவாக மிதித்தால் பெரிதாக ஏறாது. உற்பத்தி ஆக ஆக உடம்பு எடுத்துக்கொள்கிறது. ஒரு வேகத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதைவிட உற்பத்தி முந்துகிறது, கோடு செங்குத்தாகக் கிளம்புகிறது. பலருக்கு அது நான்கு மில்லிமோலை ஒட்டி வரும், ஆளுக்கு ஆள் மாறும். அந்த வாசல்தான் த்ரெஷோல்ட். காதுமடலிலோ விரலிலோ குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தால் நேராகத் தெரியும். என்னிடம் அந்தக் கருவி இல்லை, துடிப்பை வைத்து அனுமானிக்கிறேன்.

கழிவு என்பதை மாற்றியவர் பெர்க்லியில் இருந்த ஜார்ஜ் புரூக்ஸ். ஒரு தசை வெளியே விடுவதை இன்னொரு தசை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது என்று 1980-களிலேயே சொன்னார். கடுமையாக மிதிக்கும்போது இதயமே லாக்டேட்டையும் எடுத்து எரித்துத்தான் வேலை செய்கிறது.

இதைச் சொல்லும்போது பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் எரிகிறபோது அந்த எரிச்சலில் பிறந்ததை இதயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு இதைவிட ஆறுதலாக எந்த டாக்டரும் எதுவும் சொன்னதில்லை.

மே 21, புதன்

60. மிதித்துக்கொண்டே பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். 135-இல் ஒரே மூச்சில் ஐந்து வரி. 150-இல் இரண்டு. பட்டை இல்லாத நாளுக்கு இது போதும்.

மே 22, வியாழன்

எண்ணவில்லை. மறந்தேபோனேன். மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.

மே 25, ஞாயிறு

58. இலவம்பாடி வரை போய்வந்தேன். முள்ளுக்கத்திரிக்காய் ஒரு கிலோ வாங்கி ஜெர்சியின் முதுகுப் பையில் போட்டுக்கொண்டேன். காம்பு முள் துணியைத் தாண்டி வழியெல்லாம் குத்தியது. முதல் பாதி 137, இரண்டாம் பாதி 142. நான்கு சதவீதத்துக்குள்! தண்ணீர் மூன்று பாட்டில், உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு.

அத்தை கத்திரிக்காயைப் பார்த்ததும், "இன்னாத்துக்குமா இவ்ளோ தூரம், மார்க்கெட்ல கிடைக்காதா?" என்றார். அப்புறம் எண்ணெயில் வதக்கியதை முதலில் எனக்குத்தான் வைத்தார். காய் வெண்ணெய் மாதிரி கரைந்தது.

சைக்கிள் கடை அண்ணனிடம் ஜூன் 8 ஏலகிரிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். "டெஸ்ட் பண்ணிட்டு வாம்மா, பழைய நம்பரை வெச்சி மலை ஏறாதே" என்றார்.

மே 29, வியாழன்

58. டாக்டரிடம் கேட்டேன். அரை மணி நேரம் முழு மூச்சாக மிதிக்கலாமா என்று. மறுபடி ஒரு இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவர் சரி என்றதும் பயம் கூடிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

56.

திருவலம் சாலை, 5.10. இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கினேன். அவர் பைக்கில் பின்னாலேயே வந்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

முதல் மூன்று நிமிடம்தான் ஏமாற்றும். கால் புதிது, துடிப்பு வேலைக்குப் பின்னால் தாமதமாகத்தான் ஏறும். எண் 150 என்று காட்டும்போதே கால் 170-க்கான வேலையைச் செய்துகொண்டிருக்கும். அக்டோபரில் அங்கேதான் கெட்டேன். இந்த முறை முதல் ஐந்து நிமிடம் திரையை மூடிவிட்டு வாயை மட்டும் கவனித்தேன். மூன்று சொல் பேசலாம், நான்காவது வராது, அந்த இடம்.

பத்தாவது நிமிடம், கடைசி இருபதைத் தனியாக அளக்க, பொத்தானை அழுத்தினேன். 161.

பதினைந்தாவதில் பயம் வந்தது. காலில் இல்லை, நெஞ்சில். வலி இல்லை. வலி வருமோ என்று காத்திருக்கிற உணர்வு. 165. ஒரு நெல் வண்டி முன்னால் போனது, அதன் பின்பக்கத்து விளக்கில் ஒன்று எரியவில்லை. அந்த எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். இறங்கவே மாட்டான். இறங்கவே மாட்டான். இரும்புப் பாலம் தெரிந்தபோது இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. 167. 168. கடைசி நிமிடம் 171, எதிலும் வலி இல்லை, கால் மட்டும் நெருப்பு.

கடைசி இருபதின் சராசரி 165. தூரம் 12.3 கிலோமீட்டர். அக்டோபரில் 13.9.

மூன்று துடிப்புதான் குறைந்திருக்கிறது. வேகம் குறைந்திருக்கிறது, வாசல் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாலையோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பைக்கை நிறுத்திவிட்டு வந்து கேட்காமலேயே என் மணிக்கட்டைப் பிடித்து எண்ண ஆரம்பித்தார். தன் வாட்சைப் பார்த்து, உதட்டை அசைத்து, முழுதாக ஒரு நிமிடம். "104" என்றார். அவருக்கு எண்ணத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. எப்போது கற்றுக்கொண்டார்? காய்ச்சலில் நான் நினைவில்லாமல் கிடந்த ராத்திரிகளிலா?

கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

57. புதிய கணக்கு. மெதுவான நாளுக்கு 134 முதல் 147. பொன்னேரியிலிருந்து ஏற ஆரம்பித்துப் பத்தாவது வளைவு வரை 155-ஐத் தாண்டுவதில்லை. பதினான்கு வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பத்துக்கு மேல் உடம்பு சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். 160 வரை.

ஸ்ட்ராப்புக்குப் புதிய பேட்டரி, சிஆர் 2032.

ஜூன் 5, வியாழன்

56. அப்பாவின் நாடியை யாராவது எப்போதாவது எண்ணியிருப்பார்களா? அம்மாவிடம் போனில் கேட்க எடுத்தேன். மழை வருமா என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

58. பரவாயில்லை, இது படபடப்பு. சைக்கிளைத் துடைத்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். பின் கியரில் பெரிய பல்சக்கரத்துக்கு மாறும்போது ஒரு சின்னச் சத்தம், கடை அண்ணன் கேபிளைத் திருகி ஐந்து நிமிடத்தில் சரி செய்தார். பேரீச்சை, கடலைமிட்டாய், உப்பு, இரண்டு பாட்டில். அத்தையிடம் இன்று காலைதான் எல்லாவற்றையும் சொன்னேன், எக்கோவிலிருந்து. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி என் தட்டில் ஒரு கரண்டி நெய் அதிகம்.

ஜூன் 8, ஞாயிறு, 3.20

55. வேன் காட்பாடி மேம்பாலம் தாண்டிவிட்டதாம். ஸ்ட்ராப்பை நனைத்துக் கட்டி