எட்டரை மணி மழைக்கணக்கு: ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்காமல் இருக்க

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மொட்டை மாடியில் மழைமானி வைத்து அளவெடுப்பவர்களுக்கான சின்ன வலைச்செயலி இது. மாதத்துக்கு ஒரு கோப்பு. தேதி வரிசையாகக் கீழே போகும். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, பாகூர் என்று ஊர்கள் குறுக்கே வரும். வானிலைத் துறை வழக்கப்படி மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. முந்தைய 24 மணி நேர மழை அன்றைய தேதியில்தான் ஏறும். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எல்லோரும் எட்டரைக்குப் பிறகான பத்து நிமிடத்துக்குள் ஒரே கோப்பைத் திறக்கிறார்கள். சேமிப்பு மோதுவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

மோதல் எப்படி நடக்கிறது என்று ஒரு காலைப் பொழுதை வைத்துப் பார்க்கலாம். 8.31க்குப் பண்ருட்டி திறக்கிறது, 8.32க்குப் பரங்கிப்பேட்டை திறக்கிறது. இரண்டு திரையிலும் இரண்டு ஊர்க் கட்டமும் காலி. பண்ருட்டி 42.6 (மில்லிமீட்டர்) போட்டு 8.33க்குச் சேமிக்கிறது. பரங்கிப்பேட்டை 71.2 போட்டு 8.34க்கு முழுக் கோப்பையும் சேமிக்கிறது. அந்தக் கோப்பில் பண்ருட்டிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஆகவே 42.6 போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. சர்வர் பதிவேட்டில் இரண்டு சேமிப்புக்கும் 200, அதாவது வெற்றி, என்றே நிற்கும். டேட்டாபேஸுக்கு மாறினால் தானாகச் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. பல மாற்றங்களை ஒரே மூச்சில் முடித்து வைக்கும் டிரான்ஸாக்‌ஷன் காப்பது சேமிக்கும் சில மில்லிவிநாடிகளை மட்டும். ஆள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடம் அதற்கு வெளியே கிடக்கிறது.

முதல் கட்டமாக, கோப்பு பாதியில் கிழியாமல் எழுதுவதைச் சரிசெய்தோம். சர்வர் நிரல் எழுதும் பிஎச்பி மொழியில், கோப்பைத் திறக்கும் எஃப்-ஓப்பனுக்கு ‘டபிள்யூ’ (புதிதாக எழுது) முறை கொடுத்தால், பூட்டு கேட்பதற்கு முன்பே கோப்பு காலியாகிவிடும். அந்த நொடியில் படிப்பவருக்கு வெற்றுக் கோப்புதான் கிடைக்கும். பழையதை அழிக்காத ‘சி பிளஸ்’ முறையில் திறந்து, எஃப்-லாக் என்ற பூட்டைப் போட்ட பிறகே படிக்க வேண்டும். படித்துவிட்டு, எழுதும்போது மட்டும் பூட்டினால் பயன் இல்லை; படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஓட்டை. எழுதுவதை அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்-சிங்க் செய்து (வட்டில் உறுதியாக எழுதவைத்து), பிறகு ரீநேம் செய்வது (உண்மைக் கோப்பின் பெயரைச் சூட்டுவது) நல்லது. ஒரே கோப்பு முறைமைக்குள் ரீநேம் ஒரே அடியில் நடக்கும். படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். ஆனால் ரீநேம் செய்தால் பெயர் புதிய ஐநோடுக்கு, அதாவது வட்டில் உள்ள புதிய கோப்புக்கு, போய்விடும். வரிசையில் காத்திருப்பவர் பழைய ஐநோடைப் பூட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே பூட்டுக்கென்று என்றும் மாறாத தனிக் கோப்பு ஒன்று வேண்டும்.

அடுத்து, திரையில் தெரியும் பூட்டு. கட்டத்தைத் தொட்டதும் சர்வர் ஒரு குத்தகை கொடுக்கிறது: யார், எப்போது, எதுவரை. மற்றவர்களுக்கு ‘பண்ருட்டி 8.31 முதல் திருத்திக்கொண்டிருக்கிறது’ என்று தெரியும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கு உள்ள பலம்தான் இதற்கும்: மதிப்பவர் மதிப்பார். அந்த அளவில் இது மிகவும் உபயோகமானது, இரண்டு பேரின் உழைப்பு வீணாவதைத் தடுக்கிறது. காவல் வேலையை மட்டும் இதனிடம் கொடுக்கக் கூடாது.

குத்தகை 120 விநாடி, 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிப்பு. 60 விநாடிக் குத்தகை போதாது: குரோம் 88 முதல், பின்னணியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடக்கும் பக்கத்தின் டைமரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓட விடுகிறது. போன் தூங்கிவிட்டால் அதுவும் நின்றுவிடும். நேரத்தை எப்போதும் சர்வர் கடிகாரத்தில்தான் பார்க்க வேண்டும். போன் கடிகாரத்தை நம்பினால் ஐந்து நிமிடம் முந்தி ஓடும் ஒரு போன் எல்லோர் பூட்டையும் காலாவதியாக்கிவிடும். பூட்டை ஆளின் பெயரில் கட்டாமல் ஒவ்வொரு டேபுக்கும் தனி டோக்கன் (அடையாளக் குறி) கொடுத்துக் கட்டியிருக்கிறோம். ஒரே ஆள் இரண்டு டேப் திறந்து தன் அளவைத் தானே அழிப்பது வழக்கமாக நடப்பதுதான்.

பக்கத்தை மூடும்போது பூட்டை விடுவிக்க ‘பிஃபோர்-அன்லோட்’ நிகழ்வைப் போனில் நம்ப முடியாது. பக்கம் திரையிலிருந்து மறைவதைச் சொல்லும் ‘விசிபிலிட்டி-சேஞ்ச்’ வரும்போது, ‘செண்ட்-பீக்கன்’ மூலம் சர்வருக்குச் சின்னச் செய்தி அனுப்பலாம். ஆனால் மறைந்தது என்றால் போய்விட்டார் என்று பொருள் இல்லை. மழைமானியின் போட்டோவை வாட்ஸாப்பில் பார்க்கப் போயிருப்பார். அதனால் மறைந்ததும் பூட்டை விடுவிக்காமல், குத்தகையை வேண்டுமென்றே, மேலே போதாது என்ற அந்த 60 விநாடியாகக் குறைக்கிறோம்; திரும்பாதவரின் பூட்டு சீக்கிரம் கழன்றுவிடும். திரும்பி வந்தால் மறுபடி 120.

உண்மையான காவல் பதிப்பெண். ஒவ்வொரு பதிவோடும் ஓர் எண் இருக்கும். திறக்கும்போது 17 என்று வாங்கிப் போனவர் சேமிக்கும்போது 17ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோப்புக்குப் பதிலாக எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் வைத்தால் இது ஒரே அப்டேட் கட்டளை: ‘எண் இன்னும் 17 ஆக இருந்தால் மதிப்பை எழுது, எண்ணை ஒன்று கூட்டு.’ மாறிய வரிகள் சுழியம் என்று வந்தால் மோதல். முதலில் செலக்ட் போட்டு எண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு தனியாக அப்டேட் போட்டால் பழைய ஓட்டை மறுபடி திறக்கும். பல வரிகளைச் சேர்த்து மாற்ற வேண்டிய இடத்தில் ‘பிகின் இம்மீடியட்’ (எழுதும் பூட்டைத் தொடக்கத்திலேயே எடு) என்று தொடங்கி, காத்திருப்பு நேரத்தை 5000 மில்லிவிநாடி வைக்கலாம். வெறும் ‘பிகின்’ போட்டால், படித்துக்கொண்டிருக்கும் டிரான்ஸாக்‌ஷன் எழுத மாறும் இடத்தில், காத்திருப்பு நேரம் கொடுத்திருந்தாலும் உடனே ‘பிஸி’ என்று திருப்பி அனுப்பக்கூடும்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியில் இதற்குத் தயார் வழியே உண்டு. சர்வர் ஈடேக் என்ற பதிப்புக் குறியை அனுப்பும், பிரவுசர் அதை இஃப்-மேட்ச் தலைப்பில் திருப்பித் தரும், பொருந்தாவிட்டால் 412 என்ற மறுப்பு எண். தலைப்பே இல்லாமல் வரும் சேமிப்புக்கு 428. ஆர்எஃப்சி 6585 என்ற இணையத் தர ஆவணத்தில், 2012இல் இதற்கென்றே வந்த எண் அது. இதைக் கட்டாயமாக்காவிட்டால் பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவரின் சேமிப்பு சோதனை இல்லாமல் நுழைந்துவிடும். கோப்பு மாறிய நேரத்தை விநாடிக் கணக்கில் ஈடேக் ஆக்கக் கூடாது. ஒரே விநாடிக்குள் இரண்டு சேமிப்பு வந்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

இங்கே வெகுநேரம் தேட வைக்கும் கோளாறு ஒன்று உண்டு. சோதனைக் கணினியில் ஒழுங்காக ஓடும். சர்வரில் ஏற்றியதும் ஒவ்வொரு சேமிப்புக்கும் 412 வரும். காரணம், பதிலைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப். எஞ்சின்எக்ஸ் சர்வர் பதிலைச் சுருக்கும்போது வலுவான (எழுத்துக்கு எழுத்து அதே பதில் என்று உறுதி சொல்லும்) ஈடேக்கை பலவீனமானதாக மாற்றி முன்னால் ‘டபிள்யூ’ ஒட்டிவிடும். இஃப்-மேட்ச் வலுவான ஒப்பீட்டையே கேட்கிறது, ஆகவே அது ஒருபோதும் பொருந்தாது. அப்பாச்சி சர்வரில் சுருக்கும் மாட்யூல் ஈடேக்கின் வாலில் ‘ஜிஜிப்’ என்று சேர்க்கும், விளைவு அதுவே. அந்த முகவரிக்கு மட்டும் ஜிஜிப்பை நிறுத்தலாம். பதிப்பெண்ணைப் பதிலின் உடலிலேயே அனுப்புவது இன்னும் எளிது. நடுவில் எது வந்தாலும் மாறாது.

புயல் காலத்தில் வேறொரு சிக்கல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் மாதிரியான நாளில் டவர் வரும், போகும். போன் 17ஐ வைத்துச் சேமிக்கிறது, சர்வர் ஏற்று 18 ஆக்குகிறது, பதில் மட்டும் வந்து சேரவில்லை. செயலி அதே சேமிப்பை மறுபடி அனுப்புகிறது. எண் 17, ஆகவே 412. ‘வேறொருவர் மாற்றிவிட்டார்’ என்று திரை சொல்கிறது. அந்த வேறொருவர் அவரேதான். இதற்கு மருந்து: ‘சேமி’ பொத்தானை அழுத்தும்போதே ஒரு தற்செயல் சாவியை உருவாக்கி, எத்தனை முறை அனுப்பினாலும் அதே சாவியோடு அனுப்புவது. பதிப்பெண் ஏறும் அதே டிரான்ஸாக்‌ஷனில் சாவியையும் எழுதி வைத்தால், இரண்டாம் முறை வரும்போது சர்வர் முந்தைய வெற்றிப் பதிலையே திருப்பித் தரும்.

இத்தனைக்கும் பிறகு பெரிய நிம்மதி தந்தது வேறு மாற்றம்: முழுக் கோப்புக்கு ஒரே பதிப்பெண் என்பதை விட்டு, தேதி–ஊர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் தனி எண். பண்ருட்டியும் பரங்கிப்பேட்டையும் இனி மோத வழியே இல்லை. பிரவுசர் தொட்ட கட்டங்களை மட்டும் அனுப்ப வேண்டும். தொடாத காலிக் கட்டங்களும் சேர்ந்து போனால் தனி எண் இருந்தும் வீண் மோதல் வரும். காலி என்பதும் 0.0 என்பதும் வேறு: முன்னது அளக்கவில்லை, பின்னது மழை இல்லை.

மிச்சமிருக்கும் மோதல், 7.12 என்று தவறி விழுந்ததை அளந்தவரும் சரிபார்ப்பவரும் ஒரே சமயத்தில் திருத்தும்போது வருவது. அப்போது மூன்று மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்: திறந்தபோது 7.12, இப்போது 71.2, நீங்கள் எழுதியது 72.1. எதுவும் முன்கூட்டியே தேர்வாகி இருக்காது. எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் செயலிகள் மேல் யாருக்கும் நம்பிக்கை வராது.

சோதிக்க, படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஐந்து விநாடி தூக்கம் வைத்து, கட்டளை வரியில் ஓடும் கர்ல் கருவியில் இரண்டு சேமிப்பை ஒன்றாக அனுப்பினால் போதும். ஓட்டை இருந்தால் உடனே தெரியும். நீண்ட சோதனைக்கு ஒரே கணக்கு: 200 வாங்கிய தனித்தனிச் சாவிகளின் எண்ணிக்கையும் பதிப்பெண்கள் ஏறிய மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். பதிப்பெண் குறைவாக ஏறியிருந்தால் எங்கோ ஒரு திருத்தம் தொலைந்திருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது நெட் இல்லாத நேரத்து வரிசை. காலையில் எழுதியது மாலையில் டவர் வந்ததும் போய்ச் சேரும்போது, கட்டத்தின் எண் மாறாவிட்டால் நேராக ஏறும். மாறியிருந்தால் அளந்த நேரத்தோடு சேர்த்து மூன்று மதிப்புத் திரைக்குப் போகும்.