பதினொரு நொடி

ஜனவரி 4

பதினொரு நொடி. “இட்லியாடா, தோசையாடா” என்று நான் கேட்டதிலிருந்து தம்பி “தோசை” என்று சொல்லும் வரைக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நேற்று பதினான்கு. அதற்குள் அம்மா இட்லியைத் தட்டில் வைத்துவிட்டாள், அவனும் ஒன்றும் சொல்லாமல் அதையே சாப்பிட்டான்.

ஜனவரி 5

தூக்கமில்லை. விபத்து நடந்ததும் அவனை முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேனைக் காட்டி “பெரிய ரத்தக்கட்டு இல்லை, பயப்படாதீங்க” என்றார்கள். ஆறு நாள் பயப்படாமல் இருந்தோம். கேஸ் ஷீட்டில், சுயநினைவு எவ்வளவு என்று சொல்லும் கிளாஸ்கோ அளவு 15க்கு 7 என்று இருந்ததைப் பார்த்தும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அப்புறம் வேறு இடத்தில் எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன், கடுகைச் சிதறவிட்ட மாதிரி. பொடிப் பொடியான ரத்தக்கசிவு. டிஃப்யூஸ் ஆக்ஸானல் இன்ஜுரி, மூளையில் அங்கங்கே நரம்பிழைகள் சேதமாவது. ஹெல்மெட் போட்டிருந்தான், அது இல்லையென்றால் இன்று அவனே இல்லை, ஆனால் தலை சுழன்று சட்டென்று நின்றதில் உள்ளே இழைகள் இழுபட்டுவிட்டன. எல்லாம் அந்த நொடியிலேயே அறுந்துவிடுவதில்லை. நைந்துபோன இடத்தில், இழைக்குள் ஓடும் சரக்கு தேங்கி, வீங்கி, மணிக்கணக்கில், நாள்கணக்கில் கழித்துத்தான் துண்டாகிறது. அதாவது நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். அதைத் தடுக்க மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். ஆனாலும் அந்த ஆறு நாள்.

ஜனவரி 9

ஒன்பது நொடி! இரண்டாவது கேள்விக்குப் போன் மணி அடித்தது, பாதியில் போய்விட்டது.

ஜனவரி 12

அம்மா கேட்டாள், “மூளையில எந்த இடம்டீ கெட்டுப்போச்சு?” எந்த இடமும் இல்லையம்மா, இடத்துக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறதுதான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, கடைக்குப் பூ கட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, “அப்ப பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நாருதான் அங்கங்க விட்டுப்போச்சு” என்றாள். நான் மூன்று மாதமாகப் படித்ததை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 14

மல்லி கிலோ 2000த்தைத் தாண்டிவிட்டது. வீடு நிறைய ஆள். டிவி, மிக்ஸி, ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேச்சு. அவன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். மாமா சொல்கிறார், “கேட்டா பதில்கூட சொல்ல மாட்டேங்கிறான், திமிரு.” திமிரா மாமா? நீங்கள் மூன்று நொடிகூடப் பொறுக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டால், அவன் முதல் கேள்விக்குப் பதிலை எடுத்துக்கொண்டு பாதி வழியில் நிற்கிறானே, அவன் எதற்குத்தான் பதில் சொல்வான்? இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 15

பொங்கல். எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 21

டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. கை அப்படியே, கண் ஜன்னலில். டீ ஆடை கட்டியது.

இதைப் பற்றியும் தேடிப் படித்தேன். நாம் சும்மா இருக்கும்போது, பழசை நினைத்துக்கொண்டு தனக்குள் பேசிக்கொண்டு இருக்கும்போது, மூளையில் சில இடங்கள் சேர்ந்து ஓடுமாம். 2001இல் மார்கஸ் ரெய்க்கிள் அதற்கு டிஃபால்ட் மோட் என்று பேர் வைத்தார். கையில் ஒரு வேலை வந்தால் இது அடங்க வேண்டும். அடங்கச் சொல்வதில் சேலியன்ஸ் நெட்வொர்க் என்ற இன்னொரு கூட்டத்துக்குப் பங்கு. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 2012இல் தலையில் அடிபட்டவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்: இந்த இரண்டாவது கூட்டத்தின் இழைகள் எவ்வளவு நைந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு முதல் கூட்டம் அடங்காமல் ஓடுகிறது. அப்போ அவன் சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருக்கவில்லை. “குடி” என்ற சேதி போய்ச் சேரவில்லை.

டீயைச் சுடவைத்துக் கொடுத்தேன். குடித்தான்.

ஜனவரி 27

இன்று அவனாகவே அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து நாரை எடுத்தான். ஈர நார், இடது கையில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். அதுவரை சரியாக வந்தது. வலது கை நாரைச் சுற்றி இழுக்க வேண்டிய நேரத்தில் இடது கை பூவை விட்டுவிடுகிறது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது. எட்டு வயதிலிருந்து கட்டுகிறவன், பேசிக்கொண்டே நாலு முழம் கட்டுவான். எம்ஆர்ஐயில் அதிகப் புள்ளி இருந்தது கார்பஸ் கலோசத்தில், இரண்டு பாதி மூளையையும் சேர்க்கிற பட்டையில். அதில் மட்டும் ஏறக்குறைய 20 கோடி இழை. எத்தனை மிச்சம் என்று யார் எண்ணுவது.

அம்மா தொடவே இல்லை. விழுந்த மொட்டை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி அவன் பக்கம் வைத்தாள். முக்கால் மணி நேரம், ஒரு சாண் பூ. அங்கங்கே தளர்ந்திருந்தது. அதை விற்கவில்லை, தலையில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 28

பதினாறு. நேற்று முழுக்கக் களைத்துவிட்டான், அதனால்தான். அதனால்தான்.

பிப்ரவரி 2

நாளை ரிவ்யூ. விடிகாலை பஸ். ஃபைல், பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாம் பையில் வைத்தாயிற்று. டாக்டர் அவனிடம் கேட்கும்போது நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது, போன தடவை முழுக்க நான்தான் பேசினேன். அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.