ஒன்றுக்குப் பன்னிரண்டில் ஒரு தையல் கடை

இந்தத் தடவை வீட்டு அறை வேண்டாம், கடை செய்வோம் என்று முடிவெடுத்ததற்கு முக்கியக் காரணம் நாலாவது சுவர்தான். ரூம் பாக்ஸ் என்றால் முன்பக்கம் திறந்திருக்கும் ஒரு பெட்டி, உள்ளே சின்ன அளவில் சாமான்களோடு ஒரு அறை. கூடத்தையோ அடுக்களையையோ அப்படிச் செய்தால் ஒரு சுவரைப் பிய்த்து எடுத்துவிட்டது போலவே எனக்குத் தோன்றும். நம் ஊர்த் தெருக்கடைக்கு அந்தச் சிக்கலே கிடையாது, ஷட்டரைத் தூக்கிவிட்டால் மூன்று சுவர், ஒரு கூரை, எதிரே தெரு. எட்டடி அகலம், ஆறடி ஆழம், ஒன்பதடி உயரம் என்று வைத்துக்கொண்டேன். 1:12 அளவில் அடியெல்லாம் அப்படியே அங்குலமாகிவிடும், ஆகவே எட்டங்குல அகலத்தில் ஒரு பெட்டி, அலமாரியில் இரண்டு புத்தகக் கட்டுக்கு நடுவே வைத்துவிடலாம்.

இந்த 1:12 நான் கண்டுபிடித்ததில்லை. புது டெல்லியைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-இல் முடிந்த மேரி ராணியின் பொம்மை வீடு இந்த அளவுதான், குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், இன்றைக்கும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் நார்சிஸா தோர்ன் அம்மையாரின் 68 குட்டி அறைகளும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஆனால் ஆன்லைனில் பெட்டியோடு வரும் மரத்துண்டு கிட்கள் பலவும் 1:24, அதாவது இதில் பாதி. அதிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து என் பெட்டியில் வைத்தால் மழலையர் பள்ளி நாற்காலி போலத் தெரியும். வாங்குவதற்கு முன் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

அளவு என்றதும் சொப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் முதலில் சேர்க்கிற ஆள், செய்கிற ஆள் அப்புறம்தான். தேர்த் திருவிழாக் கடைகளில் வாங்கிய அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, கும்பகோணத்துப் பித்தளைச் சொப்பு, மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு சமயத்தில் பொறுக்கிய மண் காய்கறிக் கூடைகள் என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. அத்தனையும் அழகு. அறைக்குள் ஒன்றும் போகாது! சொப்பு செய்பவர் வீட்டின் அளவைப் பார்த்துச் செய்வதில்லை, குழந்தையின் கையைப் பார்த்துச் செய்கிறார். அதனால் டம்ளரும் குடமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும், அம்மியும் அடுப்பும் சமமாக இருக்கும். விளையாட அதுதான் வசதி. கொலுவிலும் அப்படித்தான், செட்டியார் பொம்மைக்கு முன்னால் இருக்கும் கத்திரிக்காய் அவர் தலை அளவு இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்று சுவரும் ஒரு கதவும் வந்த நிமிடமே கண் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது, ஒரு பொருள் தப்பான அளவில் இருந்தாலும் மொத்த அறையும் பொம்மையாகிவிடும். இந்த இரண்டும் ஒரே பொழுதுபோக்கு என்று வெளியே சொல்லிக்கொள்கிறோமே தவிர, எனக்கு இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆசைப்பட்டு வாங்கியது அறைக்கு ஆவதில்லை, அறை கேட்பதை யாரும் விற்பதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் தையல் மெஷின். பென்சில் சீவும் கருவியாக ஒரு வார்ப்பு உலோக மெஷின் கிடைக்கும், பழைய பித்தளை நிறம், கால் மிதி ஸ்டாண்டோடு, சக்கரம் சுற்றவும் செய்யும். கடை செய்யும் யோசனையே அதைப் பார்த்துத்தான் வந்தது. அளந்தால் ஸ்டாண்டோடு சேர்த்து இரண்டங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நிஜ மெஷினில் மேசை இரண்டரை அடி, தலை கிட்டத்தட்ட ஒரு அடி, ஆக மூன்றரை அங்குலமாவது வேண்டும். எனவே அது டிரங்குப் பெட்டிக்கே திரும்பிவிட்டது, நானே ஒன்று செய்தேன். வார்ப்பிரும்புக் காலில் இருக்கும் கொடி வேலைப்பாட்டைக் கெட்டி அட்டையில் அச்செடுத்து, கட்டரின் முனையால் வெட்டினேன். மூன்று அட்டையை ஒட்டித் தடிமன் கொண்டுவந்து, ஓரங்களில் ஃபெவிக்விக் ஊறவிட்டதும் அட்டை நன்றாக இறுகி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. பெரிய சக்கரம் ஒரு கோட்டுப் பட்டன், பெல்ட் கறுப்பு எலாஸ்டிக் நூல். தலைப்பகுதியை எம்-சீலில் உருட்டி, பளபளப்புக் கறுப்பு அடித்தேன். தங்க நிற எழுத்து மட்டும் பாக்கி, கை நடுங்குகிறது.

சுவருக்கு ஃபோம் போர்டு எடுப்பதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு பக்கம் மட்டும் தண்ணீர்ப் பெயின்ட் அடித்தால் காய்ந்ததும் வளைந்துகொள்ளும், பின்பக்கமும் அடித்தால் நேராக நிற்கும். நான் சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் பலகை எடுத்தேன், சென்னை ஈரத்துக்கு அதுதான் தாங்குகிறது. அதன் மேல் வால் புட்டியை மெல்லிசாக இழுத்து, இடுப்பளவு வரைக்கும் பச்சை, அதற்கு மேல் அழுக்கு வெள்ளை. ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் மிச்சத்திலிருந்து தினசரிக் காலண்டர், சாமி படம், அளவு நோட்டு மூன்றும் வந்தன.

துணிதான் என் பொறுமையைச் சோதித்தது. எல்லாவற்றையும் பன்னிரண்டில் ஒரு பங்காக்கலாம், துணியின் விறைப்பு மட்டும் சுருங்காது. பிளவுஸுக்கு வாங்கும் ரெண்டு பை ரெண்டு ரூபியா எவ்வளவு மெல்லிசு, அதையே மூன்றங்குல மார்புச் சுற்றளவில் வெட்டித் தொங்கவிட்டால் கோணிச் சாக்கு தொங்குகிற மாதிரி விறைத்து நிற்கிறது. பலமுறை துவைத்துத் தேய்ந்த பழைய கைக்குட்டையும் கிழிந்த பட்டுத் தாவணியின் உடல்பகுதியும்தான் கைகொடுத்தன. ஃபெவிகாலில் நிறையத் தண்ணீர் கலந்து துணியை நனைத்து, தெர்மாகோல் மேல் குண்டூசியால் மடிப்புகளை நிறுத்திக் காயவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். தையல் போடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நிஜத்தில் ஒரு தையல் இரண்டு மில்லிமீட்டர் என்றால் இங்கே அது மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே இந்தத் தையல் கடையில் தைத்த துணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மடித்து ஒட்டியதுதான். போலீசாருக்குத் துப்பறியக் கற்றுத்தர 1940-களில் குற்றம் நடந்த அறைகளைச் சின்னதாகச் செய்த ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ, பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளை வைத்தே பின்னினாராம். அந்தக் கை எனக்கு வாய்க்கவில்லை.

அளவு டேப் எதிர்பாராத சந்தோஷம். 60 அங்குல டேப் இங்கே ஐந்தங்குலம், ஒவ்வொரு அங்குலக் கோடும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி, மஞ்சள் தாளில் அச்சடித்தால் கோடுகள் சுத்தமாக விழுகின்றன. எண்கள் வெறும் புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை, கழுத்தில் தொங்குகிற டேப்பில் யார் எண் படிக்கப் போகிறார்கள். நூல் கட்டைகளுக்கு டூத்பிக்கைத் துண்டு போட்டு, எம்ப்ராய்டரி நூலிலிருந்து ஒற்றை இழை பிரித்துச் சுற்றினேன். எங்கள் தெரு டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், ஆனா நூலை இப்படிக் கலர் வரிசையா அடுக்கி வச்சிருக்கிற கடைய நான் பார்த்ததில்ல. வெட்டுத்துணி மூட்டை எங்க?" என்றார். நியாயமான கேள்வி. மேசைக்கடியில் இப்போது ஒரு மூட்டை இருக்கிறது, நூல் கட்டைகள் இரண்டு உருண்டு கிடக்கின்றன, ஆணியில் தொங்கும் துணிக்கடைப் பைகளில் சீட்டுக் குத்தியிருக்கிறது. அவர் சொன்ன பிறகுதான் கடையில் ஆள் இருப்பது போல ஆனது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். ரூம் பாக்ஸ் என்றால் மஞ்சள் விளக்கு என்று ஒரு பழக்கம் இருக்கிறது, அழகாகத்தான் இருக்கும், ஆனால் தையல் கடையில் மஞ்சள் வெளிச்சத்தில் நூல் நிறம் பார்க்க முடியுமா? டியூப் லைட்தான். பழைய தடித்த டியூப் ஒன்றரை அங்குல விட்டம், நாலடி நீளம். நமக்கு மூன்று மில்லிமீட்டரும் நாலங்குலமும். தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில் சரியாக அந்த விட்டம்! ஸ்பிரிட்டில் ஊறவைத்து மையைப் போக்கி, வெளியே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ரிச்சி தெருவில் ஒயரோடு வாங்கிய பொடி எல்.இ.டி. இரண்டை இரு முனையிலும் செருகினேன். 5 வோல்ட் மொபைல் சார்ஜரிலிருந்து மின்சாரம், ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர். வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், மீதி 2. கணக்குப்படி 100 ஓம் போட்டாலே எரியும், ஆனால் கண் கூசுகிறது, 330 ஓம் போட்டால் 6 மில்லி ஆம்பியர்தான் போகும், அந்த வெளிச்சம் போதும். முனைகள் கொஞ்சம் பிரகாசமாகவும் நடு கொஞ்சம் மங்கலாகவும் இருக்கிறது, பழைய டியூபில் முனைகள்தான் கறுத்துப்போகும், இங்கே தலைகீழ், இருந்தாலும் விட்டுவிட்டேன்.

தோர்ன் அறைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றது ஒன்று உண்டு. அறைக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்று காட்டுவார்கள், கதவிடுக்கில் இன்னொரு அறையோ தோட்டமோ தெரியும், வெளிச்சம் அங்கிருந்து வரும். அதனால் பின்சுவரில் பாதி திறந்த கதவு ஒன்று வைத்து, அதற்குப் பின்னால் ஒன்றரை அங்குலம் இடம் விட்டேன். அங்கே ஒரு பிளாஸ்டிக் குடத்தின் பாதி மட்டும், ஒரு கொடிக்கயிறு. மஞ்சள் விளக்கை அங்கே வைத்தேன், டியூப் வெள்ளைக்கு எதிரில் அது மாலை வெயிலாகத் தெரிகிறது.

இனி முன்பக்கம் செருகி எடுக்கிற மாதிரி அக்ரிலிக் ஷீட் ஒன்று வெட்டக் கொடுத்திருக்கிறேன், தூசு மட்டும் அளவு பார்த்துச் சின்னதாக வருவதில்லை. சுருட்டிய ஷட்டரும் பெயர்ப் பலகையும் பாக்கி. பக்கத்துக் கடையாக ஒரு சைக்கிள் கடை மனதில் ஓடுகிறது. 28 அங்குலச் சக்கரம் இரண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வரும், ஸ்போக்குக்கு கிட்டாரின் மிக மெல்லிய கம்பி ஒத்துவரும் போலிருக்கிறது, முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40. ரிம்மில் அத்தனை ஓட்டை போடும் மெல்லிய டிரில் பிட் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.